செல்வாக்கு நிறுவகம்

பலேர்மோவின் லிபெர்த்தாப் பகுதியில், வசதியானவர்களின் வீடுகளுக்கு நடுவே, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு நிறுவகம் இயங்கி வருகிறது. 'மத்தியகாலச் சிசிலியக் கவிதை பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் செய்யுளில் செலுத்திய செல்வாக்கை ஆராய்வதற்கான நிரந்தர நிறுவகம்' என்பது அதன் முழுப்பெயர். வாசலில் உள்ள பித்தளைத் தகட்டில் இவ்வளவும் அடங்கவில்லை. எனவே 'செல்வாக்கு நிறுவகம்' என்று மட்டும் பொறித்து விட்டுவிட்டார்கள். இத்தாலிய மொழியில் செல்வாக்குக்கும் சளிக்காய்ச்சலுக்கும் ஒரே சொல்தான். ஒவ்வோர் ஒக்ரோபரிலும் அக்கம்பக்கத்து முதியவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்து, தடுப்பூசி எந்த அறையில் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். தகட்டை மாற்றலாமே என்று யாரோ ஒருமுறை சொன்னபோது நிறுவகத்தின் தலைவர் பேராசிரியர் கலோஜெரோ விர்சி அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்த முதியவர்கள் அத்தனை பேரும் ஆண்டறிக்கையில் 'எமது ஆய்வில் ஆர்வம் கொண்டு நேரில் வருகை தந்த பொதுமக்கள்' என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்று வந்தார்கள். சென்ற ஆண்டில் அவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

சிவமலர் அங்கே ஒன்பது ஆண்டுகளாகத் துப்புரவு வேலை செய்துவந்தாள். சாவகச்சேரிக்காரி, வயது ஐம்பத்திரண்டு. ஊரில் பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். செல்குண்டு விழுந்த நாட்களிலும் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை இருத்தி இறந்தகால வினைச்சொற்களை ஒப்புவிக்கச் செய்தவள். பலேர்மோவுக்கு வந்த பிறகு அவளுக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை. கணவர் இறந்து ஏழு வருடம். மகள் கேசிகா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தாயின் வேலை ஒப்பந்தம் ஒக்ரோபர் முப்பத்தோராம் திகதி முடிகிறது. அதைப் புதுப்பித்தால்தான் குடிவரவைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். மகளின் பெர்மெஸ்ஸோ தாயுடையதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே இரண்டு பேரும் இந்த நாட்டில் இருப்பதும் போவதும் பேராசிரியர் விர்சியின் கையெழுத்தில் இருந்தது.

தமிழ்ச் சனத்துக்கு இது வேறு மாதிரி விளங்கியிருந்தது. மலரக்கா ஏதோ செல்வாக்கான இடத்திலை நிக்கிறா என்று கேள்விப்பட்டு, தங்களுடைய பத்திரங்களையும் கொஞ்சம் பார்த்துவிடச் சொல்லி ஆட்கள் கோயிலில் அவளை மறித்தார்கள். அங்கே பழைய பாட்டுகளைத்தான் ஆராய்கிறார்கள் என்று அவள் சொன்னால், விருப்பமில்லாவிட்டால் நேரே சொல்லலாமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

நிறுவகத்தின் ஆராய்ச்சி முழுவதும் ஒபதையா குரோவ்ஸ் என்ற ஒரேயொரு அமெரிக்கக் கவிஞரின் தலையில் நின்றது. மசச்சூசெற்ஸ் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில் கருவாடு விற்றவர் அவர். பதினான்கு அடிகள் கொண்ட பாட்டுகள் நாற்பத்தொன்றை எழுதி வைத்துவிட்டு 1871 இல் இறந்துபோனார். பதினான்கடிப் பாட்டு என்ற வடிவம் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிசிலியின் அரசவையில் பிறந்தது. அங்கே பிறந்ததும் இங்கே எழுதப்பட்டதும் ஒன்றாக இருப்பதால், கருவாட்டு வியாபாரி பலேர்மோவின் ஞானப்பிள்ளை என்பது நிறுவகத்தின் கொள்கை. அது உண்மையா என்று கண்டுபிடிப்பதே நிறுவகத்தின் வேலை.

இருபத்தாறு ஆண்டுகளில் அது கண்டுபிடிக்கப்படாமல் போனதற்குச் சில காரணங்கள் இருந்தன. முதலாவது, நிறுவகத்தில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. செல்வாக்குக்கு உட்பட்டவனுடைய மொழியைப் படித்தால் அவன் பக்கம் மனம் சாய்ந்துவிடும் என்பது பேராசிரியர் விர்சியின் கருத்து. இரண்டாவது, குரோவ்ஸின் பாட்டுகளை அவர்கள் ஒரு பாதிரியார் எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்த இத்தாலிய மொழிபெயர்ப்பில் வாசித்தார்கள். அந்த மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் பதினாறு அடிகள் இருந்தன. மிஞ்சிய இரண்டு அடிகள் எங்கிருந்து வந்தன என்பதை ஆராயும் உபகுழு ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூடிக் கலைந்தது.

ஆண்டுதோறும் செப்ரெம்பர் முதல் ஞாயிறன்று பெருவிழா நடக்கும். உறுப்பினர்கள் கறுப்பு அங்கி அணிந்து வியா மக்வேதா வழியாக ஊர்வலமாகத் துறைமுகத்துக்குப் போவார்கள். கடைக்காரர்கள் யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் என்று தொப்பியைக் கழற்றுவார்கள். துறைமுக மதிலருகே பேராசிரியர் விர்சி லத்தீனில் நான்கு வாக்கியம் சொல்லி, ஓர் இலைமாலையை அமெரிக்காவை நோக்கிக் கடலில் வீசுவார். அவர் வீசும் திசையில் இருப்பது நாப்போலி. மாலை நாப்போலிக் கப்பலின் பக்கத்தில் பட்டுத் திரும்பிவரும். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் குணரத்தினம் அண்ணை அதைக் கொக்கித் தடியால் இழுத்தெடுத்து, அடுத்த வாசலில் காத்துநிற்கும் சிவமலரிடம் கொடுப்பார். அவள் அதைக் கழுவிக் காயவைத்து அலுமாரியில் வைப்பாள். ஒன்பது ஆண்டுகளாக அமெரிக்காவுக்குப் போனது அதே மாலைதான்.

ரேஷ்மா மதுரைப் பெண். இரண்டு ஆண்டு ஆய்வு உதவித்தொகையில் அங்கே வந்தாள். முப்பது வயதாகவில்லை. வந்த முதல் வாரமே, சிவமலர் துடைத்துக்கொண்டிருந்த படிக்கட்டில் குந்தியிருந்து, இங்கே என்ன நடக்கிறது என்று தனக்குப் புரியவில்லை என்று தமிழில் சொன்னாள். தனக்கும் எட்டு வருடமாகப் புரியவில்லை, ஆனால் தரையைத் துடைப்பதற்கு அது தேவைப்படவில்லை என்றாள் சிவமலர். அதற்குப் பிறகு இருவரும் மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாக உண்டார்கள்.

ரேஷ்மா கெட்டிக்காரி. அவள் செய்த பிழை அது ஒன்றுதான். இரண்டு ஆண்டு வேலையைப் பதினொரு மாதத்தில் முடித்து முந்நூறு பக்க ஆய்வேட்டைக் கையளித்தாள். இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது. யாப்பில் குற்றமில்லை, மேற்கோள்களில் குற்றமில்லை, ஆனால் கடைசி அத்தியாயத்தில் ஒரு முடிவு இருக்கிறது என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். நிறுவகத்தின் அமைப்புவிதி ஒன்பது அதற்கு இடம் கொடுக்கவில்லை. 'எந்த ஆய்வும் மேலும் ஆய்வு தேவைப்படாத நிலைக்குக் கொண்டுசெல்லப்படலாகாது' என்று அந்த விதி சொன்னது. துணைத் தலைவி செலஸ்ரீனா அவளைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோல் சொன்னாள். "முடிவு என்பது விருந்தாளி மாதிரி, செல்லம். வரலாம் என்று எல்லோரும் எதிர்பார்க்க வேண்டும். வந்துவிடக் கூடாது."

இந்த நிலையில்தான் ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. குரோவ்ஸின் பரம்பரையினர் பழைய வீட்டை விற்றபோது கிடைத்த கடிதங்களையும் புத்தகங்களையும் நிறுவகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். வேறு எங்கும் இப்படி ஒன்று வந்தால் அன்றைக்கே திறந்திருப்பார்கள். இங்கே பெட்டி திறப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். குழுவில் ஐந்து பேர். திறப்பது என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் செய்யவே இரண்டு அமர்வுகள் போதவில்லை. அதற்கிடையில் கோடை விடுமுறை வந்தது. பெட்டியை நூலகத்தின் மூலையில் வைத்துவிட்டு, அதன் மேல் தூசி படியாமல் பார்க்கும்படி சிவமலரிடம் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனார்கள்.

செப்ரெம்பர் கடைசியில் பெட்டியின் அடிப்பலகை ஈரத்தில் ஊறிப் பிரிந்தது. தூசி தட்டுவதற்காகச் சிவமலர் பெட்டியைச் சற்று நகர்த்தினாள். உள்ளே இருந்தது எல்லாம் தரையில் கொட்டியது. அவள் பயந்துபோனாள். தாள்களைப் பொறுக்கி, பழைய ஒழுங்கில் வைக்கலாம் என்று திகதியைப் பார்த்து அடுக்கத் தொடங்கினாள். திகதியைப் பார்க்கும் கண் அதற்குக் கீழே இருப்பதையும் பார்க்கும். பதினாறு வருடப் பழக்கம்.

அவற்றில் ஒன்று 1858 ஆம் ஆண்டு பலேர்மோப் பிரபு ஒருவருக்கு குரோவ்ஸ் எழுதிய கடிதத்தின் நகல். சிவமலர் அதை நின்றபடி ஒருமுறையும் தரையில் இருந்தபடி ஒருமுறையும் வாசித்தாள். எந்தச் சிசிலியப் புலவரிடமிருந்து நான் இந்த வடிவத்தைப் பெற்றேன் என்று கேட்கிறீர்கள் என்று கவிஞர் எழுதியிருந்தார். ஐயா, நான் ஒரு சிசிலியப் புலவரையும் வாசித்ததில்லை. எனக்கு இத்தாலியம் தெரியாது. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் கப்பல் வரும் நேர அட்டவணைக்கும் இருமல் மருந்து விளம்பரத்துக்கும் இடையில் பதினான்கு வரிக்கு இடம் இருக்கிறது. ஆசிரியர் எனக்கு அதைத் தந்தார். பதினைந்து வரி எழுதியிருந்தால் இருமல் மருந்துக்காரர் விட்டிருக்க மாட்டார்.

அன்று மத்தியானம் சிவமலர் அதை ரேஷ்மாவிடம் காட்டினாள். ரேஷ்மா வாசித்து முடித்ததும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. செல்வாக்கு இருந்தது என்று நிறுவிய தன் முந்நூறு பக்கத்தை யோசித்திருப்பாள். கைத்தொலைபேசியில் கடிதத்தைப் படம் எடுத்தாள்.

"என் தீசிஸ் போச்சுக்கா," என்றாள். "ஆனா இது உண்மை. இதைச் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லும் பிள்ளை. ஆனா நான் தொட்டனான் எண்டு சொல்லாதையும்," என்றாள் சிவமலர்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரேஷ்மா கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பேராசிரியர் விர்சி அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவேயில்லை. யார் பெட்டியைத் திறந்தது என்று கேட்டார். பெட்டி தானாகத்தான் திறந்தது என்றார்கள். பெட்டி தானாகத் திறப்பதற்கு எந்தக் குழு அனுமதி கொடுத்தது என்று கேட்டார். சிவமலர் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தாளைத் திகதிப்படி அடுக்கியதையும், அடுக்கும்போது வாசித்ததையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை முதல் தடவையாகப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவருடைய கண் பழுப்பு நிறம் என்பது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாளே சிறப்பு அமர்வு கூடியது. பதினான்கு உறுப்பினர்கள் அங்கியோடு வந்தார்கள். கடிதம் மேசை நடுவில் கண்ணாடித் தட்டின் கீழ் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கோப்பி கொடுப்பதற்காகச் சிவமலரை உள்ளே நிற்கவிட்டார்கள்.

செலஸ்ரீனா முதலில் எழுந்தாள். "ஒரு மனிதர் தன்மேல் எந்தச் செல்வாக்கும் இல்லை என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்வாக்குக்கு உட்படாத ஒருவருக்கு அப்படி எழுத வேண்டிய தேவை என்ன? நான் ஒரு சீனப் புலவரின் செல்வாக்குக்கும் உட்படவில்லை. அதை நான் யாருக்காவது கடிதம் எழுதிச் சொன்னேனா?" என்றாள். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அவரிடம் ஒருவர் கேட்டதால்தானே அவர் பதில் எழுதினார் என்று ரேஷ்மா மெல்லச் சொன்னாள். கடிதத்தின் உள்ளடக்கம் இன்னும் சபைக்கு வரவில்லை என்று அவளை இருத்தினார்கள்.

பிறகு பேராசிரியர் விர்சி பேசினார். நாற்பது நிமிடம் பேசினார். தமது இளமை, தமக்குக் கிடைத்த பதக்கங்கள், மாலை வீசும்போது வருடாவருடம் கண்ணில் வரும் நீர் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். "நண்பர்களே, நாங்கள் ஆதாரத்தைத் தேடுகிறோம் என்று வெளியில் நினைக்கிறார்கள். ஆதாரம் கிடைத்தால் நாளைக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? பதினான்கு பேருக்கும் வயது அறுபதுக்கு மேல். வேறு எந்த வேலையும் நாங்கள் பழகவில்லை. இந்த இருபத்தாறு ஆண்டும் உண்மை எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. நாங்களும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. இந்தக் கண்ணியமான உறவை ஒரு தூசித் துணி கெடுப்பதற்கு விடலாமா?"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிவமலர் கோப்பித் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதை அவரே கேட்டாரா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கடைசியில் விஷயம் அவளிடம் வந்து நின்றது. கடிதத்தை ஒருவர் வாசித்திருந்தால்தான் அதில் ஏதோ இருக்கிறது என்று ஆகும். ரேஷ்மாவின் வாசிப்பைத் தள்ளிவிட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் அவர் ஒரு பக்கம் சார்ந்தவர் என்பது தீர்மானம். மிச்சம் சிவமலர். ஒரு துப்புரவுப் பணியாளருக்கு வாசிக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. மூவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அது நடுநிலைமைக்கு உத்தரவாதம் என்று அறிக்கையில் குறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளை ஒரு கதிரையில் இருத்திக் கடிதத்தைக் கொடுத்தார்கள். அவள் சாவகச்சேரி வகுப்பறையில் வாசிக்கும் அதே குரலில், கால்புள்ளிக்கு நிறுத்தி, முற்றுப்புள்ளிக்கு மூச்செடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தாள். பல வருடத்துக்குப் பிறகு நாக்கில் அந்த மொழி நிற்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நன்றாக வாசித்தாளா இல்லையா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருவர், அமெரிக்கப் படங்களில் கேட்பதுபோல் இது இல்லை என்றார். செலஸ்ரீனா, உண்மையாக வாசிப்பவர் இடையில் தடுமாறுவார், இவர் தடுமாறவில்லை, ஆகவே இது மனப்பாடம் என்றாள். மூன்றாமவர் தந்திரசாலி. கடிதத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார். சிவமலர் அதை நேராக்கினாள். அவர் சிரித்துவிட்டு, படத்தைக்கூட மக்கள் அப்படித்தான் நேராக்குவார்கள் என்று குறிப்பெழுதினார்.

ஆணைக்குழுவின் முடிவு இரண்டு வரி. 'வாசிப்பைப் போன்ற ஓர் ஒலி கேட்டது. வாசிப்பு நடைபெற்றதாக நிறுவப்படவில்லை.'

இனி வேண்டியது ஒரேயொரு தாள்தான். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, நான் தூசி மட்டுமே தட்டினேன் என்று சிவமலர் கையெழுத்திட்டால், கடிதம் வாசிக்கப்படாத கடிதமாகிவிடும். வாசிக்கப்படாத கடிதம் எதையும் சொல்லாது. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார் பேராசிரியர். அதே மேசையில் அடுத்த இரண்டு ஆண்டுக்கான வேலை ஒப்பந்தமும் இருக்கும் என்றார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை, ஆனால் ஒரே பேனையால் போடலாம் என்றார்.

ரேஷ்மாவுக்கும் அவர் ஒன்று வைத்திருந்தார். என்றாவது ஒருநாள் யாராவது அந்தக் கடிதத்தை வாசித்துத் தொலைத்தால் பயன்படட்டும் என்று 'செல்வாக்கின்மைப் பிரிவு' ஒன்று தொடங்கப்படும். குரோவ்ஸ் செல்வாக்குக்கு உட்படவில்லையா என்பதை அந்தப் பிரிவு நிரந்தரமாக ஆராயும். அதற்கு அவள் தலைவி. முடிவு மட்டும் வரக் கூடாது.

புதன்கிழமை மத்தியானம் இருவரும் வீதியோர வாங்குப் பலகையில் இருந்து சாப்பிட்டார்கள். ரேஷ்மா தான் மறுத்துவிட்டதாகச் சொன்னாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு எழுதியிருந்தாள். அவர்கள் வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்களும் கையெழுத்துப் போடாதீங்கக்கா. பதினாறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவங்க நீங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

சிவமலர் சோற்றுப் பெட்டியை மடியில் வைத்தாள். "உமக்கு இஞ்சை சரிவராட்டி மதுரைக்குப் போகலாம். நான் எங்கை போறது? கேசிகா எங்கை போறது? அவளுக்கு ஊரிலை ஒரு றோட்டும் தெரியாது."

"அதுக்காகப் பொய்யாக்கா?"

"ஓம், பொய்தான். எனக்குத் தெரியும் அது பொய் எண்டு. அவையளுக்கும் தெரியும். பெர்மெஸ்ஸோ தாறவனுக்குத்தான் தாள் வேணும். நீர் கோவிக்கிறது சரி. நானும் கோவமாத்தான் இருக்கிறன். கோவத்தை வைச்சுக்கொண்டு நாளைக்குப் போய்ப் போடப் போறன்."

ரேஷ்மாவுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே வாங்கில் தள்ளித் தள்ளி இருந்து சாப்பிட்டு முடித்தார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சிவமலர் பேராசிரியரின் அறைக்குப் போனாள். முதல் தடவையாக அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். செலஸ்ரீனா சன்னலருகே நின்றாள். ஒப்பந்தத்தில் பேராசிரியர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். அதை எடுத்து அவளுடைய கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். வாக்குமூலத்தை அவள் முன் வைத்தார். இத்தாலியத்தில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நிறுவகத்தின் ஆண்டு மலரில் அச்சிட்டு அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பப் போவதால் ஆங்கிலமும் தேவைப்பட்டது. ரேஷ்மாவிடம் கேட்க முடியாது. செலஸ்ரீனா ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்து சொல்லுக்குச் சொல் தேடிச் செய்திருந்தாள்.

சிவமலர் இத்தாலியப் பக்கத்தில் கையெழுத்திட்டாள். பிறகு ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியில் ஓர் எழுத்துப்பிழை. இரண்டாவது வரியில் வினைச்சொல் பன்மையில் நின்றது. 'எனக்கு வாசிக்கத் தெரியாது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'என்னை வாசிக்க முடியாது' என்று இருந்தது. 'நான் தூசி தட்டினேன்' என்பது 'நான் தூசியாக இருந்தேன்' என்று ஆகியிருந்தது.

அந்த வரியில் அவளுடைய கண் நின்றது. ஒன்பது வருடம் இந்த அறையைத் துடைத்திருக்கிறாள். அந்த ஒன்பது வருடமும் ஒருவரும் அவளிடம் இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொண்டதில்லை. அவர்கள் அதை எழுதினார்கள் என்பதல்ல, எழுதியது என்னவென்று தெரியாமல் எழுதினார்கள் என்பதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. இப்படி ஒரு தாளைச் சாவகச்சேரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை கொண்டுவந்து நீட்டியிருந்தால் காதைத் திருகியிருப்பாள்.

மேசையில் ஒரு சிவப்புப் பேனை கிடந்தது. அவள் அதை எடுத்தாள். பிழையான எழுத்துகளை அடித்து மேலே சரியானதை எழுதினாள். பன்மையை ஒருமையாக்கினாள். தூசி வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் 'இது நான் அல்ல' என்று எழுதினாள். அவசரப்படவில்லை. சாய்ந்த, ஒன்றோடொன்று கொழுவிய, வடிவான கையெழுத்து. கடைசியில், 'முழுவதும் வாசித்தேன். கவனக்குறைவான வேலை. திரும்பவும் எழுதிக் கொண்டுவரவும்' என்று எழுதி, அதற்குக் கீழே 'சி. சிவமலர், பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியை' என்று கையெழுத்திட்டாள். மேல் மூலையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் முப்பத்துநாலு என்று இலக்கத்தில் எழுதினாள்.

பேராசிரியர் விர்சி தாளை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். சிவமலர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஒப்பந்தம் இன்னும் மேசையின் அந்தப் பக்கத்தில் கிடந்தது. கேசிகாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"எவ்வளவு அழகான எழுத்து," என்றார் அவர். "செலஸ்ரீனா, பார்த்தாயா? இவர்களுடைய மொழி." சிவமலரின் பக்கம் திரும்பினார். "உங்கள் நாட்டில் சிவப்பு மங்கல நிறம் அல்லவா?"

செலஸ்ரீனா எட்டிப் பார்த்து, தன்னுடைய மொழிபெயர்ப்பைச் சுற்றி இப்படிப் பூவேலை செய்திருப்பது தனக்குப் பெருமை என்றாள். அது அவர்களுடைய வழக்கமாக இருக்கும், கீழைத்தேயத்தவர் வெற்றிடம் விடமாட்டார்கள், இதைப் பற்றி எங்கோ வாசித்திருக்கிறேன் என்றாள்.

பேராசிரியர் வட்டத்துக்குள் இருந்த இலக்கத்தைக் கண்டார். அதை மட்டும் அவரால் வாசிக்க முடிந்தது. "முப்பத்துநாலு," என்று சொல்லிக்கொண்டு பதிவேட்டைத் திறந்து, வாக்குமூலத்தின் பதிவிலக்கம் என்ற கட்டத்தில் அதை எழுதினார். முத்திரை குத்தினார். பிறகு ஒப்பந்தத்தை அவள் பக்கம் தள்ளினார்.

சிவமலர் அதை எடுத்துக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனாள். ஒழுங்கான தாள், ஒழுங்கான முத்திரை. நவம்பர் நடுவில் தாய்க்கும் மகளுக்கும் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. ரேஷ்மா வடக்கே போய்விட்டாள். போகும்முன் வந்து சிவமலரைக் கட்டிப்பிடித்தாள். கடிதத்தின் படத்தோடு அவள் எழுதிய கட்டுரை ஒரு சஞ்சிகையில் வந்தது. 'இக்கடிதத்தை முதலில் வாசித்தவர் திருமதி சி. சிவமலர்' என்று முதற்பக்கத்திலேயே குறித்திருந்தாள். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததால் நிறுவகத்தில் அதனால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை.

பெப்ரவரியில் ஆண்டு மலர் வந்தது. முதற்கட்டுரைக்கு முன்னால், பளபளப்பான தாளில், வாக்குமூலத்தின் இரண்டு பக்கங்களையும் நிறத்தோடு அச்சிட்டிருந்தார்கள். 'நிறுவகத்தின் உயிர்ப்பான பல்பண்பாட்டு உறவுக்கு ஒரு சான்று' என்று கீழே எழுதியிருந்தது. நாற்பது அமெரிக்க நூலகங்களுக்கான பொதிகளைக் கட்டித் தபாலில் சேர்த்தது சிவமலர்தான். மிஞ்சிய பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கேசிகா குசினி மேசையில் அதைத் திறந்து வாசித்தாள். ஒருமுறை வாசித்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"மாம்மா, இதை அவையளே அச்சடிச்சவையோ?"

"ஓம்."

"ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

"அங்கை வாசிப்பினம். நாப்பது இடத்துக்கு அனுப்பியாச்சு." சிவமலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கேசிகா வட்டத்துக்குள் இருந்த இலக்கத்தில் விரலை வைத்தாள். "இவ்வளவு பிழைக்கு முப்பத்துநாலு எதுக்கு? நான் எண்டால் சீரோ போட்டிருப்பன்."

"அப்பிடிப் போடேலாது பிள்ளை. ஓரம் நேரா விட்டிருந்தவை. திகதி சரி. அதுகளுக்குக் குடுக்கத்தானே வேணும்."

"உங்கடை பள்ளிக்கூடத்திலை எத்தினை எடுத்தா பாஸ்?"

"முப்பத்தஞ்சு."

கேசிகா சிரிக்கத் தொடங்கினாள். சிவமலர் சிரிக்கவில்லை. வெங்காயத்தைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"கனநேரம் யோசிச்சனான்," என்றாள். "அந்த ஒண்டைப் போட மனம் வரேல்லை."